வீட்டில் தோக்கு (துப்பாக்கி) இருந்தால்: பிள்ளைகளுக்கு எப்போது, என்ன, எப்படிச் சொல்லிக்கொடுப்பது

போன மே மாதம், ஒரு மதிய நேரம். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் கண்ணயர்ந்திருந்தேன். உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம். எட்டிப் பார்த்தால், ஒன்பது வயதுப் பேரன் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறான். பீரோ சாவி தொங்கும் இடம் அது.

"என்னலே தேடுக?"

"ஒங்க தோக்கைப் பாக்கணும் பாட்டா."

"சாவி அங்க இருக்குன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்லா."

பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தேன். வெளியே வந்து பதினான்கு வருடம் ஒரு வங்கி வாசலில், சொந்த உரிமத்தில் வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்தேன். அந்தச் சாவி இருக்கும் இடம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்கிறார்களோ இல்லையோ, நாம் செய்வதை ஒன்று விடாமல் பார்க்கிறார்கள்.

அன்று தொடங்கி வீட்டில் சில காரியங்களை மாற்றினேன். அதைத்தான் வரிசையாக இங்கே எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் என்னைப்போல ராணுவத்திலிருந்து வந்து காவல் வேலைக்குப் போனவர்கள் பலர். குலசேகரம், கடையாலுமூடு பக்கம் எஸ்டேட்டுக்கென்று உரிமம் வைத்திருப்பவர்கள் உண்டு. போலீஸ் குடும்பங்கள் உண்டு. வீட்டில் துப்பாக்கியே இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். உங்கள் பிள்ளை மாமா வீட்டுக்குப் போகும், திருவிழாவில் பலூன் சுடும் கடை முன் நிற்கும், வங்கியில் காவலாளி பக்கத்தில் உட்காரும்.

முதலில் பூட்டு, பிறகு பாடம்

பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். "நான் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தொடமாட்டான்" என்பார்கள். 2001-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 8 முதல் 12 வயதுப் பையன்கள் 64 பேரை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, மறைவாக இருந்து கவனித்தார்கள். இழுப்பறை ஒன்றில் குண்டில்லாத நிஜக் கைத்துப்பாக்கி இருந்தது. 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாரோ ஒரு பையன் விசையையும் இழுத்துவிட்டான். எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் முன்பே துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள்! கெட்ட பிள்ளைகள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒன்பது வயதுப் பையன் அப்படித்தான் இருப்பான். பூட்ட வேண்டியது நம் பொறுப்பு.

என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். மர பீரோ பத்தாது. நெம்பினால் திறந்துவிடும், சாவியும் பொதுச் சாவி. வெல்டிங் கடையில் கனத்த இரும்புத் தகட்டில் ஆள் உயரத்துக்குக் குறுகலான பெட்டி செய்து, உள்பக்கமிருந்து போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்கினேன். ரெட்டைக்குழலில் ஒரு வசதி உண்டு. குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றினால் துப்பாக்கி இரண்டாகப் பிரிந்துவிடும். குழலும் பின்கட்டையும் பெட்டியில். முன்கட்டை வேறு இடத்தில். தோட்டாக்கள் இன்னொரு அறையில், இன்னொரு பூட்டில், எண்ணிக்கை எழுதிய சின்ன நோட்டோடு. மாதம் ஒருமுறை எண்ணுவேன். குறைந்தால் அன்றைக்கே தெரிய வேண்டும்.

சாவி இப்போது என் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போது இடிக்கிறது. பழகிவிட்டது. எண் பூட்டு வைப்பவர்கள் பிள்ளையின் பிறந்தநாளை எண்ணாக வைக்காதீர்கள். அவன் முதலில் போட்டுப் பார்ப்பது அதுதான்.

இன்னொன்று, பத்தாயத்துக்குள், பரணில், மெத்தைக்கு அடியில் என்று ஒளித்து வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கவே வேண்டாம். ஒளித்த பொருளைத் தேடுவதுதான் பிள்ளைகளுக்கு விடுமுறை வேலை.

நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு. எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் குழலில் துரு ஏறும். ஆகவே துடைக்கும் நாள் அடிக்கடி வரும். விபத்து நடக்கத் தோதான நாளும் அதுவே. துடைப்பதற்கு முன் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. நடுவில் போன் வந்தாலும் வாசலில் ஆள் கூப்பிட்டாலும், துப்பாக்கியைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஒன்று கையில், இல்லையென்றால் பூட்டில்.

மூன்று முதல் ஆறு வயது: நாலே சொல்

நில்லு. தொடாதே. தள்ளிப் போ. பெரியவங்ககிட்டச் சொல்லு.

இந்த நான்கும் என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கம் 1988 முதல் ஒரு கழுகுப் பொம்மையை வைத்துக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது. அந்தச் சங்கத்தின் அரசியல் நமக்கு வேண்டாம், நாலு சொல் நல்ல சொல். ஆனால் பாட்டாகப் பாடவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். குழந்தை ஒப்பிக்கும். நிஜமாகத் துப்பாக்கியைக் கண்டால் கை நீட்டும். ஒப்பிப்பது வேறு, செய்வது வேறு.

நடிக்க வைக்க வேண்டும். பேத்திக்கு அப்போது ஐந்து வயது. ஒரு பொம்மைத் துப்பாக்கியைச் சாய்வு நாற்காலிக்கு அடியில் போட்டுவிட்டு, பந்தை அந்தப் பக்கம் உருட்டிவிட்டேன். பந்தை எடுக்கப் போனவள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "பாட்டா, நான் தோக்கைக் கண்டுபிடிச்சிட்டேன்!" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, திரும்பவும் வைத்து, நான் பேத்தியாக நடித்துக் காட்டினேன். நின்றேன். கையைப் பின்னால் கட்டினேன். பின்னால் போனேன். "ஆச்சி!" என்று கத்தினேன். மறுநாள் அடுக்களையில், அதற்கு அடுத்த நாள் கிணற்றடியில், பிறகு காருக்குள் வைத்தேன். ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும். மறந்திருப்பார்கள், கோபப்பட வேண்டாம்.

பெரியவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளை வந்து சொன்னால் "அங்க எதுக்குலே போன?" என்று கேட்டுவிடக் கூடாது. அடுத்த முறை சொல்லாது. "நல்லா செஞ்ச மக்கா" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பி, அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். துப்பாக்கி பழக்கம் இல்லையென்றால் நீங்களும் தொடாதீர்கள். உடையவரைக் கூப்பிடுங்கள். உடையவர் யாரென்றே தெரியாவிட்டால் 100 அல்லது 112.

மலையோரத்தில் இருப்பவர்கள் இதே நாலு சொல்லோடு அவுட்டுக்காயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்றிக்கு வைக்கிற அந்த வெடி உருண்டை பார்ப்பதற்குத் தின்பண்டம் மாதிரியோ, நூல் சுற்றிய பந்து மாதிரியோ இருக்கும். ரப்பர் தோட்டத்தில், ஓடைக் கரையில் கிடக்கும் எந்த உருண்டையையும் எடுக்கவோ, உதைக்கவோ, எறியவோ கூடாது. அது அழுத்தினால் வெடிப்பது. எங்காவது நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்ததாகப் பிள்ளை சொன்னாலும் இதே விதிதான். குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடிக்கும் துப்பாக்கியில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று எனக்கே பார்த்தவுடன் சொல்ல முடியாது.

ஏழு முதல் பத்து: ஆசையைத் தீர்த்துவிடுங்கள்

மதிய வெயிலில் ஸ்டூல் மேல் நின்ற பேரனை நான் அடிக்கவில்லை. "பாக்கணும்னா எங்கிட்டக் கேக்கணும். எப்பக் கேட்டாலும் காட்டுவேன். நான் இல்லாம கூடாது" என்றேன். ஒப்பந்தம் அவ்வளவுதான். அந்த "எப்பக் கேட்டாலும்" ரொம்ப முக்கியம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டான், எழுந்து போய்க் காட்டினேன். மறுநாளும் கேட்டான். ஐந்தாவது நாள் கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டான். மூடி வைத்தால்தான் மர்மம். திறந்து காட்டினால் அது எண்ணெய் நாறும் இரும்பு.

காட்டும் முறை இது. முதலில் தோட்டா வேறு அறையில் பூட்டியிருப்பதை அவனே பார்த்துவிட்டு வர வேண்டும். குழலைத் தரையும் வெறும் சுவரும் சேரும் பக்கம் திருப்பி, மடக்கித் திறக்க வேண்டும். திறந்ததும் இரண்டு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. "காலி" என்று வாயால் சொல்ல வேண்டும். இதைப் பேரனைச் செய்யச் சொன்னேன். செய்து முடித்ததும், "இப்ப இது காலி. ஆனா காலின்னு நெனைச்சு ஒருத்தன் பக்கம் நீட்டலாமா?" என்று கேட்டேன். "காலிதானே பாட்டா?" என்றான். அங்கேதான் நான்கு விதிகளைச் சொன்னேன்.

எந்தத் துப்பாக்கியும் குண்டோடு இருப்பதாகவே நடத்து. எதை அழிக்க மனமில்லையோ, அதன் பக்கம் குழலைக் காட்டாதே. குறி சரியாகும் வரை விரல் விசைக்கு வெளியே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இந்த வடிவில் இவற்றைப் பரப்பியவர் ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்றுநர். ராணுவத்தில் எங்களுக்குச் சொன்ன வாசகம் வேறு, விஷயம் ஒன்றே.

நான்காவது விதி நம் ஊருக்கென்றே எழுதினதுபோல எனக்குத் தோன்றும். 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல். தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குளம், குளத்தில் யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள். சாதாரண .22 ரைபிள் குண்டே தடையில்லாமல் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டும். பேரனைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், "அந்த மாமரத்தைச் சுட்டு, குண்டு தவறினா யார் வீட்டுக்குப் போவும்?" என்று கேட்டேன். வரிசையாக மூன்று வீட்டுக்காரர் பெயரைச் சொன்னான். கடைசியாக, "நம்ம டீச்சர் வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டான்.

தண்ணீர்க் குழாய்ப் பாடம்

குழல் எங்கே பார்க்கிறது என்று எப்போதும் நினைவில் வைத்திருப்பதுதான் பிள்ளைகளுக்குக் கடினம். கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார்கள், கையில் இருப்பதும் கூடவே திரும்பும். இதைத் துப்பாக்கி இல்லாமலே சொல்லிக்கொடுக்க ஒரு வழி கண்டேன். முற்றத்தில் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைத் திறந்து பேரன் கையில் கொடுத்தேன். நாலு பேர் சுற்றி நின்று பேச்சுக் கொடுப்போம், பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். தண்ணீர் யார் மேலும் படக் கூடாது. முதல் நாள் ஆச்சி முழுவதும் நனைந்தாள். திட்டும் வாங்கினோம். ஒரு வாரத்தில், கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பியது, கை செடியிலேயே நின்றது. செலவில்லாத பாடம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

விரல் பழக்கத்துக்கு டிவி ரிமோட் போதும். பொத்தான் மேல் விரல் வைக்காமல் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்து வீட்டைச் சுற்றி வரச் சொல்லுங்கள். சேனல் மாறினால் தோற்றான்.

பொம்மைத் துப்பாக்கி வாங்கலாமா என்று மகள் கேட்டாள். என் மனைவி கூடாது என்கிறாள். நான் வாங்கலாம் என்கிறேன், ஒரே நிபந்தனை: ஆளை நோக்கி நீட்டக் கூடாது, நீட்டினால் அன்றைக்குப் பறிமுதல். தீபாவளிக்கு சுருள் கேப் போடும் துப்பாக்கிக்கும் இதே சட்டம். மஞ்சள் பிளாஸ்டிக் உருண்டை போட்டுச் சுடும் துப்பாக்கிகள் திருவிழாக் கடைகளில் தொங்குகின்றனவே, அவற்றை மட்டும் நான் வாங்கித் தரமாட்டேன். விளையாட்டுச் சாமான் என்ற பெயரில் கண்ணைப் பறிப்பவை.

மொபைல் கேமைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். பேரனுக்கு எனக்குத் தெரியாத துப்பாக்கிப் பெயர்களெல்லாம் தெரிகிறது. எது எத்தனை குண்டு பிடிக்கும் என்கிறான். நான் கேட்டது ஒன்றுதான்: "அதுல குண்டு பட்டவன் என்ன ஆவான்?" "கூட இருக்கிறவன் வந்து எழுப்பிவிடுவான். இல்லைன்னா அடுத்த மேட்ச்ல வருவான்." நான் ராணுவத்தில் பார்த்த ஒன்றைச் சொன்னேன். எதிரி இல்லை, சண்டை இல்லை. துடைக்கும்போது தவறிப் பட்ட குண்டு. அந்த ஆளின் ஷூவை நாங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தோம் என்று மட்டும் சொன்னேன். ரத்தக் கதை சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பயந்த பிள்ளை அந்தப் பயத்தை மறைக்கவே ஒருநாள் தொட்டுப் பார்க்கும்.

மற்ற வீடு, வங்கி, திருவிழா

உறவுக்காரர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பும்போது துப்பாக்கி பற்றிக் கேட்பது நமக்குச் சங்கடம். சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்று. நான் இப்படிக் கேட்பேன்: "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. பேரன் குரங்குச் சேட்டைக்காரன். தோக்கைப் பூட்டித்தானே வச்சிருக்கிய?" பழியை நம் பிள்ளை மேல் போட்டுவிட்டால் யாருக்கும் கோபம் வராது. பதில் மழுப்பலாக வந்தால், "அப்ப பிள்ளைங்கள இங்க அனுப்புங்க, எல்லாரும் சேர்ந்து விளையாடட்டும்" என்று முடித்துவிடுவேன்.

வங்கியில் இருந்தபோது வாரம் ஒரு முறையாவது நடந்தது இது. வரிசையில் நிற்கும் அப்பா பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று வயதுக் குழந்தை என்னிடம் வரும், சிரிக்கும், குழல் ஓட்டையில் விரலை விடும். ஒருமுறை ஒருவர் அதை போட்டோ எடுக்க மொபைலை நீட்டினார். நான் எழுந்து நின்றுகொண்டேன். அவருக்குக் கோபம், "குழந்தைதானே" என்றார். குழந்தையைப் பொறுத்தவரை அன்று என்ன படித்தது? காக்கிச் சட்டைக்காரர் துப்பாக்கியைத் தொடலாம் என்று. சீருடையில் இருப்பவரின் ஆயுதத்திலிருந்து கை நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கச் சொல்லிக்கொடுங்கள். வணக்கம் சொல்லட்டும், பேசட்டும். தொட வேண்டாம்.

பலூன் கடைக்கு வருகிறேன். கன்னியாகுமரி கடற்கரை, மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, எங்கும் உண்டு. போன வருடம் ஒரு கடையில் பார்த்தது: கடைக்காரர் ஏர்கன்னை மடக்கிக் குண்டு போட்டு, ஏழு வயதுப் பெண் கையில் கொடுத்தார். அவள் வாங்கியதும், "அப்பா, பாரு!" என்று திரும்பினாள். குழல் கூட்டத்தை அரைவட்டமாக ஒரு சுற்றுச் சுற்றியது. யாரும் நகரக்கூட இல்லை, அப்பா செல்ஃபி எடுத்தார். அந்தச் சின்ன ஈயக் குண்டு நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் போகும். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

சுடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பின்னால் ஒட்டி நின்று, உங்கள் இடது கையால் குழலை பலகைப் பக்கமே பிடித்திருங்கள். சுட்டு முடித்ததும் அவள் திரும்புவதற்கு முன் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பலகைக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கும் கடையில் சுட வேண்டாம். குண்டுகளைப் பிள்ளை வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள். அது ஈயம். கடையை விட்டு நகர்ந்ததும் கை கழுவிவிட்டுத்தான் பஞ்சு மிட்டாய்.

பதினொன்றுக்கு மேல்: ஏர் ரைபிள், என்.சி.சி.

சுட ஆசைப்படும் பிள்ளையை முறையான இடத்தில் சேர்ப்பது நல்லது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதும் அதே போட்டியில். 10 மீட்டர் தூரத்தில் அவர்கள் குறிவைக்கும் நடுப்புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர். இதைச் சொன்னதும் பேரன் அளவுகோலை எடுத்து வந்து அரை மில்லிமீட்டர் எங்கே என்று தேடினான். வேகமாகச் சுடுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்ற எண்ணம் அன்றோடு போனது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. விதிகளுக்கு உட்பட்ட பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் உரிமத்தில் உள்ள துப்பாக்கியைத் தோப்பில் வைத்துப் பையனைச் சுடச் சொல்வது பயிற்சி ஆகாது, குற்றம். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. குழல் விட்டம் .177 அங்குலத்துக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இல்லாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாம் என்பதால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது.

வீட்டில் ஏர் ரைபிள் பழக்குவதானால், குறிக்குப் பின்னால் மணல் நிரப்பிய சாக்குகளை இரண்டு வரிசை அடுக்குங்கள். கருங்கல் சுவர், இரும்புக் கதவு, ரப்பர் மரம் எதுவும் கூடாது. குண்டு தெறித்துத் திரும்பி வரும். சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். மடக்கி ஏற்றும் வகையில் குழல் சட்டென்று மேலே அடிக்கும், விரல் நசுங்கும். ஆகவே குழலைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டே குண்டு போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் சுட வேண்டும். நான் "நிறுத்து" என்றால் குழல் சாக்கு மேல், விரல் வெளியே, பேச்சு இல்லை. பின்கதவைத் திறந்து யாராவது வந்துவிட்டால் "நிறுத்து" என்று கத்தும் உரிமை பேத்திக்கும் உண்டு. அவள் அதை அளவுக்கு மேல் பயன்படுத்துகிறாள், பரவாயில்லை.

பறவை, அணில், குரங்கு கிடையவே கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம். சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் 2022 முதல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இருப்பவை. நாரையும் தாராவும் வரும் ஊரில் வளரும் பிள்ளை அதைப் பார்த்துக் குறிவைக்கப் பழகக் கூடாது. காகித அட்டைதான் குறி. அட்டையை அவனே எடுத்து வந்து புள்ளிகளை எண்ண வேண்டும்.

உயர்நிலைப் பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேர்த்துவிடுங்கள். .22 ரைபிளில் குப்புறப் படுத்துச் சுடப் பழக்குவார்கள். ஐந்து குண்டுக்காக அரை நாள் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். சுட்ட பிறகு காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தால் எல்லோரும் தேட வேண்டும். அந்தத் தேடல்தான் எனக்குத் தெரிந்து ஆயுதத்துக்கு மரியாதை கற்றுத்தரும் பாடம்.

ஆயுதத்துக்கு மரியாதை என்றதும் ஞாபகம். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, இந்தக் கோட்டையில் பீரங்கி வார்க்கச் செய்தார். அவர் கல்லறையும் உள்ளேயே இருக்கிறது. என் பேரன் அங்கே கேட்ட கேள்வி: "பீரங்கியை எங்க பூட்டி வச்சாங்க?"

வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடு

இதைப் பலர் பேசமாட்டார்கள். பதினைந்து, பதினாறு வயதில் ஆபத்து ஆர்வத்தால் வருவதைவிட மனவருத்தத்தால் வரலாம். தேர்வு முடிவு வரும் மாதம், வீட்டில் சண்டை, காதல் தோல்வி. அந்த வருத்தம் சில மணி நேரத்தில் தணியக்கூடியது. அந்தச் சில மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது. "அவனுக்கு எல்லாம் தெரியும், பொறுப்பானவன்" என்று அந்த வயதில் சாவியைக் கையில் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். பொறுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் யாராவது மனசு சரியில்லாமல் இருந்தால், உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொஞ்ச காலம் பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடுதானே இருக்கிறோம்? அதுபோலத்தான்.

அசம்பாவிதம் நடந்தால்

108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நனைந்தால் மேலே இன்னொரு துணி. உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்காதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் அழுத்தவோ, கழுவவோ, மருந்து விடவோ கூடாது. காகித டம்ளரைக் கவிழ்த்து மேலே ஒட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. ஏர்கன் குண்டு என்றால் ஓட்டை குண்டூசித்தலை அளவுக்குத்தான் தெரியும், "சின்னக் காயம்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் கல் பட்டது என்று பொய் சொல்லவே கூடாது. குண்டு என்று தெரிந்தால்தான் எக்ஸ்ரேயில் எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரியும்.

உரிமக்காரர் போன பிறகு

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மகாராஜா காலத்துத் துப்பாக்கி என்று பரணில் ஒன்று இருக்கும். உரிமக்காரரான தாத்தா போய் இருபது வருடம் ஆகியிருக்கும், துப்பாக்கி அங்கேயே கிடக்கும். உரிமக்காரர் இறந்துவிட்டால் அது வீட்டில் இருப்பதே சட்டவிரோதம். தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வேண்டுமென்றால் பிறகு தனியாக மனு போடலாம்.

எனக்கு அறுபத்தெட்டு. துப்பாக்கி எங்கே, முன்கட்டை எங்கே, தோட்டா எத்தனை, யாரிடம் ஒப்படைப்பது என்று ஒரு தாளில் எழுதி, உரிமப் புத்தகத்தின் நகலோடு மகளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் வாசிக்கும்போது பேரன் தோள் வழியாக எட்டிப் பார்த்தான்.

"அப்ப எனக்குக் கெடைக்காதா பாட்டா?"

"இருபத்தொண்ணு ஆகட்டு. கலெக்டர் ஆபீஸ்ல மனு போடு. போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்கும்."

"என்ன கேப்பாங்க?"

"எங்க பூட்டி வைப்பன்னு கேப்பாங்க."

ஒரு நிமிடம் யோசித்தான். "கடிகாரத்துக்குப் பின்னாடி இல்லைன்னு சொல்லுவேன்."